மெய்நிகர்

ஆரம்பாக்கம் தாண்டி
கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறுமிடத்தில் இறங்கி
எட்டு நிமிட நடை.
கோழித்தீவனக் கிடங்குக்குப் பின்னால்
ஜன்னலே இல்லாத கட்டிடம்.
இரவு ஷிப்ட் எனக்கும் செஞ்சுராமனுக்கும்.
உள்ளே பதினெட்டு டிகிரி. வெளியே மே மாதம்.

இரண்டு சாவடியின் எடைமேடைகளிலும்
ஏறி இறங்கும் லாரிகளின் கணக்கு
எங்களிடம்தான் வந்து சேரும்.
அனுப்புகிற கிழட்டுக் கணினிக்கு
டேப்போடு மட்டும்தான் பேசத் தெரியும்.
அதற்காக ஓர் அடுக்கு வட்டுகள்
'நான் டேப்' என்கின்றன.
சக்கரம் கிடையாது,
சுற்றிவிட்டேன் என்கின்றன.
அது நம்பிவிடுகிறது.

மேலாளர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்:
மெய்நிகர் நாடா.
செஞ்சுராமனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
மெய்யின்னா என்னக்கா?
உண்மை. உடம்புன்னும் சொல்லலாம்.
இதுக்கு ரெண்டுல எது இல்ல?
நான் டீ எடுக்கப் போய்விட்டேன்.

இரண்டரைக்கு மேல்தான் அசல் வேலை.
வட்டில் கிடப்பதையெல்லாம்
கண்ணாடிக்குள் இருக்கும் நிஜ டேப்புக்கு இறக்க வேண்டும்.
ரோபோ கை விழித்து, பார்கோடு மோந்து,
அதே எண்ணுள்ள டேப்பைத் தூக்கிப்போய்ச் சொருகும்.
இறக்கி முடித்தால் வட்டில் பெயர் மட்டும் மிஞ்சும்.
அளவு: பூஜ்யம்.

நேற்று கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம்.
ஒன்பது வருடம் முந்தைய செவ்வாய்க்கிழமை,
வஜ்ரவேலு ஓட்டிய தவிட்டு லாரி.
வழக்கு என்னவென்று எழுதவில்லை.

வட்டிடம் கேட்டோம். பெயர் இருக்கிறது என்றது.
டேப்பைக் கேட்டோம். இணைப்பே இல்லை.
பழவேற்காட்டு உப்புக்காற்று
எந்த இடுக்கில் நுழையுமோ,
கை வழியில் நின்றுவிட்டிருந்தது,
கல்யாண வீட்டில் தட்டோடு
யாருக்கென்று மறந்தவனைப் போல.
ஆரஞ்சு ஃபைபரைக் கழற்றி
ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினேன். அசையவில்லை.
கடைசியில் கதவைத் திறந்து
செஞ்சுராமன்தான் தன் கையால் சொருகினான்.

முனகியது. முன்னே ஓடி, பின்னே ஓடி,
நாற்பது நிமிடம்.
பிறகு இரண்டு வரிகள்.

தெற்குச் சாவடி, 2.11, எடை 24,860.
வடக்குச் சாவடி, 2.39, எடை 24,800.

டீசல் செலவாகியிருக்கும் என்றான்.
நாலு கிலோமீட்டருக்கு அறுபது கிலோ டீசலா?
தவிடு கொட்டியிருக்கும்.
இருக்கலாம்.
மேடையும் பொய் சொல்லும், மழை பெய்திருந்தால்.
அப்போது மழை பெய்ததா
என்று எழுதிவைக்க எங்களிடம் கட்டம் இல்லை.

அதற்குமேல் பேசவில்லை.
அவன் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
அறுபது இருப்பானா? இருப்பான்.

அச்செடுத்து, முத்திரை குத்தி, உறையில் போட்டோம்.
வட்டில் அந்தப் பெயருக்கு எதிரே
பூஜ்யம் போய் எண் வந்திருந்தது.

டேப்பை வெளியே எடுத்தேன்.
இருநூறு கிராம் இருக்கும்.
அந்தக் குளிரிலும்
சூடாக இருந்தது.