ஐந்தாவது பாட்டில் ஓர் இரைச்சல்

ஜுஃபைரில் ஓட்டல் பார் மூடியபின்
இரவு இரண்டேகாலுக்கு வருவாள் மாரிவிக்,
தோளில் நீளக் கருப்புப் பெட்டி.
குதைபியாவில் கம்பள வியாபாரி காலிசெய்த கிடங்கு,
மூன்றாம் மாடி, ஜன்னலெல்லாம் பழைய மெத்தை.
அங்கேதான் அவளுடைய ஆல்பம்.

என்னைக் கூப்பிட்டது கேட்க அல்ல,
ஏசியை நிறுத்த.

ஆகஸ்ட். சுவரைத் தொட்டால் சுடும்.
அணைத்த பதினோராம் நிமிஷம்
டிரம்ஸ்காரன் சட்டையைக் கழற்றினான்,
பியானோக்காரர் கட்டைகளைத் துண்டால் துடைத்தார்.
போடு என்று சைகை.
போட்டேன். அணைத்தேன். போட்டேன்.
ஒரு பாட்டுக்கு நாலு தரம்.
கம்ப்ரஸர் பாவம்,
இந்த விளையாட்டுக்குச் செய்ததில்லை அது.

டிராம்போனில் துளை இல்லை, கட்டை இல்லை,
ஒரு கோடுகூட இல்லை.
எவ்வளவு இழுத்தால் எந்தச் சுரம் என்பது
அவள் முழங்கைக்குத்தான் தெரியும்.
செம்புக்குழாயை நானும் அப்படித்தான் அளப்பேன்
(டேப் எடுப்பது ஃபோர்மேன் பார்க்கும்போது மட்டும்).
ஆனால் நான் வெட்டியது வெட்டியதுதான்.
அவள் நீட்டியது திரும்பி வருகிறது.

நடுவே ஒரு விசையை அழுத்தினாள்.
குழாயிலிருந்து தரையில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
"நல்லவேளை, டிரெயின் அடைக்கல" என்றேன் தமிழில்.
என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டாள்.

ஐந்தாவது பாட்டுக்கு நான் அணைக்கப் போனபோது
கையை உயர்த்தினாள்: வேண்டாம்.
கண்ணை மூடி அந்த இரைச்சலைத் தேடினாள்,
குழலை முக்கால்வாசி இழுத்து
அதன் பக்கத்தில் போய் நின்றாள்.
பிறகு ஒரு மயிரிழை கீழே.
இரண்டு சத்தமும் உரசி
அறை மெல்லத் துடித்தது, வௌ... வௌ... என்று.
பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும்.
பாட்டு முடியும்வரை சொல்லவில்லை.
முடிந்தும் சொல்லவில்லை.

உறையின் பின்பக்கம், பொடி எழுத்தில்,
பாஸ் வாசித்தவனுக்குக் கீழே
என் பெயர். சவரிமுத்து என்பதை
சஃபாரி முத்து என்று போட்டிருக்கிறார்கள்.
ஊருக்கு அனுப்பினேன்.
"என்னங்க, நடுவுல மிஷின் ஓடுது" என்றாள் ஜெசிந்தா.
ஆமாம் என்றேன்.

அக்டோபரில் அது நின்றேவிட்டது.
இறக்கி, எடைக்குப் போட்டேன், நாலு தினார்.
புதியது ஓடுவதே தெரியாது, அவ்வளவு அமைதி.
மாரிவிக் வந்து
அதன் தகரத்தில் காதை வைத்துப் பார்த்தாள்,
கொஞ்ச நேரம்.
பெட்டியை அன்று திறக்கவில்லை.