அகராதியில் சேர்

டிசம்பர் இருபத்திரண்டு, மழை விட்ட மத்தியானம்.
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எங்கள் டிடிபி கடையில்
ஒரே பிறப்புக்கு இரண்டு ஆர்டர்.

சந்தியாகு உபதேசியார் கொண்டுவந்த தாளில்
சூசையப்பர் என்றிருந்தது.
எல்ஐசி ஞானதிரவியம் சாரின் தாளில்
யோசேப்பு.
இரண்டு பேரா சார் என்று கேட்டுவிட்டேன்.
ஒரே ஆள்தாம்மா, தச்சர், என்றார்,
பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

அங்கே சம்மனசு, இங்கே தேவதூதன்.
அங்கே பூசை, இங்கே ஆராதனை.
அங்கே இடையர், இங்கே மேய்ப்பர்.
ஆடுகளுக்கு மட்டும்
இரண்டு தாளிலும் ஆடுகள் என்றே பேர்.

வெள்ளைப்போளம் என்றால் என்ன?
இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.
உபதேசியார் நாட்டு மருந்துக் கடைக்குப் போன் போட்டார்.
கரியபோளம் இருக்கு, வெள்ளை கிடையாது,
பிள்ளை பெத்தவளுக்கா என்றது கடை.
ஆமாம் என்றார் ஞானதிரவியம் சார்
கொஞ்சம் யோசித்து.

பின்னணிக்கு வெண்பனி வேண்டும்,
அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.
எங்கிருந்தோ எடுத்து ஒட்டினேன்.
எனக்குத் தெரிந்த பனி
தலையில் இறங்கும், சளி பிடிக்கும்,
விடியலில் பையன் காதுக்குத் துண்டு கட்டச் சொல்லும்.
இது இலவம்பஞ்சு மூட்டை பிரிந்தது மாதிரி
ஒட்டகத்தின் மேலெல்லாம் கிடந்தது.

பிழை பார்க்கும்போதுதான் சார் நிறுத்தினார்.
முன்னணை என்று வர வேண்டிய இடத்தில்
முன்பணம் என்று அடித்திருக்கிறேன்.
பிள்ளையைத் துணியில் சுற்றி
முன்பணத்தில் கிடத்தியிருக்கிறாள் அந்தத் தாய்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
சிரிக்கவில்லை.
முன்னணைன்னா மாட்டுத் தொட்டிம்மா, என்றார்.

பத்து மாத முன்பணம் சார்,
விரலிலேயே நிற்கிறது.
ஐப்பசியிலிருந்து பதினோரு வீடு பார்த்தாயிற்று.
அறுபது கதவு வைத்த ஒரு வீட்டில்
கணக்கப்பிள்ளை கொத்துச்சாவியோடு வெளியே வந்தார்.
பினாங்கிலிருந்து வருசத்துக்கு ஒருக்க வருவாக,
படைப்புக்கு.
பின்கட்டில் ஓர் அறை போதும் என்றேன்.
வீட்டுக்காரர்?
நானும் பையனும்தான்.
கொத்து ஒருமுறை குலுங்கியது.
இடமில்லீங்களே.

சத்திரத்தில் இடமில்லை என்பதை மட்டும்
தாளைப் பார்க்காமலே அடித்தேன்.
ஒரு பிழை இல்லை.

தெரியாத சொல்லைக் கண்டால்
இந்தக் கம்ப்யூட்டர் அடியில் சிவப்பாக நெளிகோடு போடும்.
சம்மனசுக்குப் போட்டிருந்தது,
சூசையப்பருக்கு, திருத்திய முன்னணைக்கு.
போளத்துக்குக் கேட்கவே வேண்டாம்.
வலது பக்கம் ஒரு சொடுக்கு,
அகராதியில் சேர் என்று ஒரு வரி வரும்.
ஒவ்வொருவராக உள்ளே விட்டேன்.
கூட யார் என்று கேட்கவில்லை,
கறி சமைப்பீர்களா என்று கேட்கவில்லை.
கோடு போய்விட்டது,
அவ்வளவுதான்.

வைக்கோல் பத்தாது என்று உபதேசியார் எழுந்தார்.
கோயில் வாசலில் குடில் கட்டுறோம்,
பையனைக் கூட்டிட்டு வா.
குடிக்கூலி எவ்வளவு என்று
நுனி நாக்கு வரை வந்தது.

கடைசி வரி கடையின் பேர்.
அதற்குக் கீழே, பொடி எழுத்தில்,
தட்டச்சு: அழகுமீனாள்.
அதற்கும் போட்டிருந்தது.

அதை மட்டும் சேர்க்கவில்லை.
கிடக்கட்டும்.
அச்சில் அந்தக் கோடு விழாது.