சாவி கொடுக்கும் வரிசை

இரவு ஷிப்ட். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜ்.
பலகையில் வங்காளம் மேலே, தமிழ் கீழே.
வேலூர் வெக்கையை ஒரு சுவரிலிருந்து
இன்னொரு சுவருக்குத் தள்ளுகிறது மின்விசிறி.
ரிஜிஸ்டர் நோட்டுக்கு அடியில் என் லேப்டாப்;
அதற்குள், எப்போதோ கடைகளை விட்டுப்போன
கைவிளையாட்டுக் கருவிக்கு
நான் எழுதும் கோட்டை விளையாட்டு.

கருவிக்குக் கண் சின்னது.
முப்பத்திரண்டு கிலோபைட் தாண்டிப் பார்க்காது.
அதில் முதல் பாதி அசையாது.
மறுபாதி ஒரு ஜன்னல்:
பின்னால் பதினைந்து பேங்க் வரிசையில் நிற்கும்,
கூப்பிட்டது வந்து உட்காரும்.
எது வந்து உட்கார்ந்தாலும் முகவரி ஒன்றே, நாலாயிரம்.
இப்போது யார் உள்ளே என்று சிப்பைக் கேட்டால்
சொல்லாது. மாற்றச் சொன்னால் மாற்றும்,
அவ்வளவுதான் அதன் பேச்சு.
அதனால் நினைவகத்தில் ஒரு கட்டத்தை ஒதுக்கி
நானே குறித்து வைக்கிறேன்.

"பேங்க்கா? உள்ள துட்டு கீதா சார்?"
என்கிறார் எத்திராஜுலு,
ஐம்பத்தெட்டு வயது ரூம்பாய்.

இல்லை. ஐந்தில் மதில் இருக்கிறது,
ஏழில் அகழி, மூன்றில் பாட்டு.
மதிலில் நிற்பவன் அகழி முதலையை அழைக்க
தன் கையாலேயே ஜன்னலை மாற்றினால்
காலடி மதில் அந்த நொடியே தண்ணீர்.
அசையாத பாதிக்கு வந்து சொல்ல வேண்டும்.
அங்கே இருபது பைட் உயரத்தில் ஒரு வேலைக்காரன்:
ஐந்து என்று அடுக்கில் வைப்பான்,
ஏழாவதைத் திறந்து அனுப்புவான்,
திரும்பி வந்தால் ஐந்தை எடுத்து மாட்டிவிட்டு
போ என்பான்.

ஓடியது. பத்தில் ஒன்பது முறை.
பத்தாவதில் வீரன் கதவைத் தட்ட
திரை முழுக்கச் சோளப்பொரி.
முதலைப் பல்லுக்கு நான் வைத்த புள்ளிகளை
கட்டளை என்று நம்பி
வரிவரியாக நிறைவேற்றிக்கொண்டிருந்தது கருவி.
மூன்று வாரம் அந்தப் பல்.

செவ்வாய் இரவு பதினொன்றுக்கு
அகர்தலாவிலிருந்து ஒரு பெண், சக்கர நாற்காலியில்.
மாடி ஏற முடியாது.
கீழே நாலாம் அறை சுகுமார் மண்டலுடையது;
அவர் மனைவியோடு வார்டில்.
மைத்துனனிடம் கேட்டேன்,
பைகளை அள்ளிக்கொண்டு முப்பத்தொன்றுக்கு ஏறினான்.
நாலின் சாவியை அந்தப் பெண்ணின் மகனிடம் கொடுத்தேன்.
நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன்.
போன் அடித்தது.
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து யாரோ,
ரூம் இருக்கா, ஏசியா, வெந்நீர் எத்தனை மணிக்கு.
வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணிக்கு மண்டல் வந்திருக்கிறார்.
எத்திராஜுலு நோட்டைப் பார்த்தார், நாலு.
மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.
அதே கதவு, அதே டெட்டால் வாசனை,
அதே கட்டிலில் யாரோ ஒருத்தி
கண்ணை விழித்துப் பார்க்கிறாள்.
மண்டல் கத்தவில்லை.
மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து
மேசை முன்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.
தப்பான லாட்ஜுக்கு வந்துவிட்டேனா என்று
இந்தியில் என்னைக் கேட்டார்.

அவரை மேலே விட்டுவிட்டு வந்து
நோட்டைப் பார்த்தேன். லேப்டாப்பையும்.
சாவி முதலில், நோட்டு பிறகு. நடுவில் மணி.
பாட்டு நொடிக்கு அறுபது தரம் குறுக்கே வருகிறது;
மூன்றாவதைத் திறந்து சுரம் வாசித்துவிட்டு
என் குறிப்பைப் பார்த்து மாட்டிவிட்டுப் போகிறது.
குறிப்பு பழையது என்று
பாட்டுக்கு எப்படித் தெரியும்.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்.
நாற்பது தரம் கதவைத் தட்டினேன்.
முதலை வந்தது, போனது, மதில் நின்றது.

வெள்ளியன்று மண்டல் கணக்கை முடித்தார்.
மனைவி ஆட்டோவில், மடியில் எக்ஸ்ரே உறை.
இந்த முறை முதலில் நோட்டில் அடித்தேன்,
முப்பத்தொன்றின் சாவியைக் கையில் வாங்கினேன்.
நாலின் மாற்றுச் சாவி
அவர் சட்டைப்பையிலேயே ரயில் ஏறிவிட்டது.

எத்திராஜுலு ஆணியைப் பார்க்கிறார்.
"இன்னா சார், புதுப் பூட்டு வாங்கியாரட்டா?"