முப்பத்தெட்டு டிகிரி

காலை ஐந்தே முக்காலுக்கு
ஆக்னேஸ் அனுப்பும் செய்தியில் வணக்கம் இருக்காது.
"இன்று மூன்று. வடகிழக்குச் சரிவுகள் வேண்டாம்.
ராத்திரிக் காற்று பனியை வாரி
முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டியிருக்கிறது."
நான் பதில் போடுவேன்:
"புதுவயலில் முப்பத்தெட்டு. மின்விசிறிக்கே காய்ச்சல்."

இங்கேயும் முப்பத்தெட்டுதான் அக்கா, என்றாள் ஒருமுறை,
வெயில் இல்லை, சாய்வு.
முப்பதுக்குக் கீழே பனி சோம்பேறி.
ஐம்பதுக்கு மேல் தங்காது, அவ்வப்போது உதிர்ந்துவிடும்.
இடையில்தான், இந்த முப்பத்தெட்டில்,
இருக்கவா போகவா என்று
யோசித்துக்கொண்டே கிடக்கும்,
ஒரு ஆள் வந்து மிதிக்கிறவரை.

எங்கள் அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மலை.
பாய்லர் தின்றது போக மிச்சம்
சூளை லாரிகளுக்குக் காத்திருக்கும்.
மகளின் பெட்டியிலிருந்து பாகைமானி எடுத்தேன்.
நூல். நூல் நுனியில் சைக்கிள் நட்டு.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
எவ்வளவென்று யாரும் கேட்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரே ஒரு மழை,
துணி எடுக்க ஓடுவதற்குள் நின்றுவிட்டது.
மறுநாள் வெயில்
மேல் உமியை அப்பளமாய் இறுக்கியது.
உள்ளே பழைய உமி,
சொத்து பிரித்த பங்காளிகள் மாதிரி
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒட்டாமல்.

மேலே பலகை, கீழே சர்க்கரை, என்பாள் ஆக்னேஸ்.
பருவத்தின் முதல் பனி
தரைச்சூட்டின் ஆவியில் மெல்ல மாறி
கற்கண்டு மணியாகிவிடுமாம்.
உருண்டை பிடிக்க வராது.
அதன்மேல் எத்தனை பெய்தாலும் சமாதானம் ஆகாது.
குழி வெட்டி, மண்வெட்டியைப் படுக்கவைத்து
மணிக்கட்டால் பத்துத் தட்டு,
முழங்கையால் பத்து, தோளால் பத்து.
"பதின்மூன்றில் பெயர்ந்தது அக்கா,
டிராயரை இழுத்த மாதிரி."

திங்கட்கிழமை.
அடைக்கண் அடிவாரத்தில் உமி வெட்டிக்கொண்டிருந்தான்.
ரசீதுப் புத்தகத்தோடு நான்.
அப்போது ஒரு சத்தம்:
பக்கத்து அறையில் யாரோ
மெத்தையில் உட்கார்ந்த மாதிரி.
மேலே, குழந்தை கிழித்த கோடாக, ஒரு விரிசல்.

வெளியே வாங்க, என்றேன்.
கத்தினேன் என்கிறார்கள்.

சோலையப்பன் முதலாளி வந்து அண்ணாந்து பார்த்தார்.
"மழை பெஞ்சு இறுகிக் கெடக்கு.
இறுகுனது எப்படிம்மா சரியும்?"
சர்க்கரையைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது?
லாரி திரும்பிப் போனது.
காத்திருப்புக் கூலி எண்ணூறு, என் கணக்கில்.
மூன்று பேருக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

உமி நின்றது.
சாயங்காலம் காக்கைகள் அதன்மேல் நடந்தன.
ராத்திரி நின்றது.
செவ்வாய், புதன் நின்றது.
சரிந்திருந்தால் நான் சொன்னது சரி.
சரியவில்லை, ஆகவே தப்பு.
அடைக்கண் என் பக்கம் திரும்பாமல் பீடி குடித்தான்.

புதன் ராத்திரி ஆக்னேஸைக் கூப்பிட்டேன்.
அவளும் திங்களன்று திரும்பியிருக்கிறாள்,
பணம் கட்டி வந்த நாலு பேரோடு,
முகட்டுக்கு நாற்பது எட்டு இருக்கையில்.
ஒருவன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறானாம்.
"அப்புறம் சரிஞ்சுதா?"
"தெரியலக்கா. பார்க்க யாரும் போகல."
கொஞ்ச நேரம் அவள் பக்கம் காற்று மட்டும்.
பிறகு, சாப்பிட்டியா, என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அடைக்கண்
ஏணி போட்டு ஏறி
மேலிருந்து வெட்டிக்கொண்டிருந்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"மேல காத்து வருதுக்கா," என்றான் அவனாகவே.

வெள்ளி, ஐந்தே முக்கால்.
"இன்று இரண்டு. தெற்குப் பக்கம் பத்து மணிக்குள் இறங்கிவிடணும்."
இங்கே முப்பத்தொன்பது, என்று அடித்து,
அனுப்பாமல்,
நட்டு கட்டிய நூலைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.