கொல்லம்

செங்கோட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் கத்தரி
ராத்திரி பதினொன்றுக்குப் புளியரை தாண்டும்.
சாவடியில் தார்ப்பாயை அவிழ்ப்பார்கள்,
மூட்டையில் கம்பி விட்டுப் பார்ப்பார்கள்.
அவிழ்த்தவர் யாரும் திரும்பக் கட்டித் தந்ததில்லை.
அதில் எனக்குப் புகாரும் இல்லை.
லோடு ரோட்டில் போகிறது, ரோடு சர்க்காருடையது.

புனலூரில் சரக்கு இறக்குகிறவள் ஷைலஜா.
அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.
எனக்கு மலையாளமும் அப்படித்தான்.
அதனால் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்வோம்.
காயைப் பார்த்துவிட்டு ஒரே சொல் அனுப்புவாள்:
கொல்லம்.

ஊராக இருக்கலாம், வண்டி அங்கே போகட்டும் என்று.
வருஷமாக இருக்கலாம், போன கொல்லம் இந்த விலை இல்லை என்று.
பெரும்பாலும் 'கொள்ளாம்', நல்லாயிருக்கு.
கொன்றுவிடலாம் என்பதற்கும் அவர்கள் பாஷையில்
அதே ஆறு எழுத்து.

ஆடி மாசம் சட்டம் வந்தது.
பூட்டில் கை வைக்க மாட்டோம் என்றார்கள்,
சாவியும் கேட்க மாட்டோம்,
பூட்டுவதற்கு முன்னால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.
போனுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்குமாம்.
மனிதர் யாரும் பார்ப்பதில்லையாம்.

மனிதர் பெயர் அருணகிரி, சப்-இன்ஸ்பெக்டர்.
தென்காசியில் இரண்டாம் மாடி.
மேசைமேல் என் நாற்பத்தொரு நாள்
அச்சடித்து, மஞ்சள் மை இழுத்து.
பதினேழு கொல்லம்.
ஊர். நல்லது. நல்லது. வருஷம். நல்லது.
விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன்.
சிரித்தார். டீ வரவழைத்தார்.
நல்ல மனிதர்தான், அதுதான் சங்கடம்.

பிறகு தாளைத் திருப்பினார்.
"இடது பக்கம், பட்டாணி அளவு, யார்கிட்டயும் சொல்லாதே.
இந்தப் பட்டாணிக்கு பில் எங்கம்மா?"

எங்கள் மண்டியில் பட்டாணி ஏற்றுவதில்லை.
அதைத்தான் முதலில் சொன்னேன்.
பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.
டாக்டரிடம் போகவில்லை.
மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தியிடம் சொன்னேன்,
அவள் தங்கைக்கு வந்து போயிருந்தது என்பதால்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.
என் கை போய் நின்ற இடம் பார்த்து
அவருக்குப் புரிந்தது.
பேனாவை மூடினார், தாளைக் கவிழ்த்தார்.
"போங்கம்மா" என்றார் ஜன்னலைப் பார்த்து.
கவிழ்த்த தாளின் முதுகிலும்
மஞ்சள் ஊறித் தெரிந்தது.

இரவு ஷைலஜா கேட்டாள்: ஸ்கேன் ஆச்சா?
ஆச்சு என்று அடித்து
அழித்தேன்.
அழித்ததையும் பார்க்குமோ என்னவோ.

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன்.
எந்த ஊர் என்றார் கவுண்டரில்.
பின்னால் நிற்பது யாரென்று திரும்பிப் பார்த்துவிட்டு
புனலூர் என்றேன், மெல்ல.