பதிலி

எங்கள் கன்டோனில் வாக்களிக்கப் பேனை வேண்டும்.
பட்டியலில் பிடிக்காத பெயரை ஒரு கோட்டால் அடிக்கலாம்,
பிடித்த பெயரை இரண்டு தரம் எழுதலாம்.
சட்டம் அதை அனுமதிக்கிறது,
காரணம் கேட்பதில்லை.

முதல் தேர்தலில் என்னை அடித்தவர்கள்
ஆயிரத்து நூற்றுப் பதினேழு பேர்.
எண்ணி, அட்டவணை போட்டு, கட்சி அனுப்பிவைத்தது.
மூன்றாம் தரம் வாசிக்கையில்தான் உறைத்தது.
குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிற்பது நானல்ல,
அப்பா.
குணநாயகம்.
ஒல்ட்டன் ரயில் நிலைய உணவகத்தில்
பதினாறு வருடம் கோப்பை கழுவி,
ஒரு வாக்கும் போட உரிமை கிடைக்காமல் செத்த மனிதரை
அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
சிலர் அடிமட்டம் வைத்து.

தோற்றேன். பதிலி வரிசையில் முதல் ஆள் ஆனேன்.
ஒன்றரை வருடம் கழித்து, எங்கள் உறுப்பினர் ஊர்ஸ்
இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டு ஓய்வுக்குப் போனார்.
(சொலோதூர்னின் காவல் புனிதருக்கும் ஊர்ஸ் என்றே பெயர்.
ஊரில் பாதிப்பேர் ஊர்ஸ்.)
செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும்
ஒரு காப்புறுதி முகவரின் வாய்க்குள் இருந்தன.
பல்லில் படிந்த காறையைச் சுரண்டுவது என் தொழில்.
இன்றைக்கும் அதுதான். சபைப் படிக்காசில்
ஒரு பூனை வளர்க்கலாம்,
பூனைக்கு வருத்தம் வராதிருந்தால்.

நூறு கதிரை. எனக்குத் தூணுக்குப் பின்னால்.
பேசுகிறவரின் முகம் தெரியாது, குரல் மட்டும்.
அது பழகிய சங்கதி எனக்கு:
முகத்தை விட்டு வாயை மட்டும் கவனிப்பது.
யார் இரவில் பல்லைக் கடிக்கிறார்,
யார் கோப்பி குடித்துவிட்டு இல்லையென்கிறார்,
வரவுசெலவு விவாதத்திலும் கண்டுபிடிக்கலாம்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளருக்கு
கன்டோன் காசு கொடுக்கவேண்டும் என்று ஒரு பிரேரணை வைத்தேன்.
அரசு பதில் எழுத ஏழு மாதம்.
குழு கூடிற்று. குழு ஒத்திவைத்தது.
'கொடுக்கவேண்டும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு
'பரிசீலிக்கலாம்' என்று போட்டால் ஆதரிப்போம் என்றார்கள்.
போட்டேன்.
அந்தப் பின்னேரம் ஆரே ஆற்றுப் பாலத்தில் நின்று
பனிமூட்டத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினேன்,
மொழிபெயர்ப்பு தேவைப்படாத தமிழில்.
ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று. நிறைவேறியது.
இன்னும் பரிசீலிக்கிறார்கள்.

ஒருநாள் திருமதி எக்கன்ஷ்வீலர்
வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"போனமுறை உங்களை அடித்துவிட்டேன்.
தப்பாக எடுக்காதீர்கள், மருமகளுக்கு இரண்டு வாக்கு வேண்டியிருந்தது."
என் கையில் கொக்கி இருந்தது.
"திறவுங்கள்" என்றேன்.
கீழ்வரிசையில், இடப்பக்கம், கடைவாய்ப் பல்லின் பின்புறம்
எல்லாரும் விட்டுவிடுகிற இடம்.
அங்கே பன்னிரண்டு நிமிடம் வேலை செய்தேன்.
இரத்தம் வரவில்லை.

பத்தரை வருடம் இருந்தேன்.
இந்த ஊருக்குப் பதினொன்றுதான் ராசி:
பதினொரு கோயில், பதினொரு நீரூற்று,
பதினொன்றோடு நின்றுவிடும் ஒரு மணிக்கூடும் உண்டு.
அரை வருடம் போதாமல் போயிற்று எனக்கு.
கடைசித் தேர்தலில் அடித்தவர்கள் இருநூற்று ஆறு பேர்தான்.
கட்சி ஒரு கதிரையை இழந்தது, அது தூணுக்குப் பின்னாலிருந்தது.
ஒருவருக்கும் என்மேல் கோபமில்லை.
பூங்கொத்துத் தந்தார்கள், நல்ல கனம்.

வாக்கு எண்ணப் போயிருந்த பக்கத்து வீட்டு ரேத்தோ
குப்பை வாளியோடு நின்று சொன்னான்,
சொல்லக்கூடாததுதான்:
அச்சிட்ட பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு
கையால் இரண்டு வரி மட்டும் எழுதிய தாள் ஒன்று வந்ததாம்.
குணநாயகம்.
குணநாயகம்.
முதற்பெயர் இல்லை. செல்லுமா செல்லாதா என்று
கால்மணி நேரம் வாதாடினார்களாம்.
அந்தப் பெயரில் வேறு வேட்பாளர் இல்லாததால் செல்லும் என்று முடிவாம்.

இரண்டு வாக்கு.
பதிவேட்டில் என் கணக்கில் இருக்கிறது.
"கையெழுத்து எப்படி?" என்று கேட்டேன்.
ரேத்தோ வாளியைக் கீழே வைத்து யோசித்தான்.
"ஒரு எழுத்துப் பிழை," என்றான்,
"இரண்டிலும் அதே இடத்தில்."