சோதனை ஓட்டம்

மணலியில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால்
தகரக் கூரைக்குள் நிற்கிறது என் பம்ப்.
சிவப்பு பெயின்ட், டீசல் இன்ஜின், இரண்டு பாட்டரி.
தீப்பிடித்தால்தான் அதற்கு வேலை.
பதினேழு வருஷமாய்த் தீப்பிடிக்கவில்லை.

ஞாயிறு தவிர தினமும் காலை ஆறு மணிக்கு
பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.
ஆயில் பார்த்து, தண்ணீர் பார்த்து, சாவியைத் திருப்பினால்
முதலில் ஒரு இருமல், கறுப்புப் புகை,
பிறகு தரை அதிரும், கூரையில் புறாக்கள் கலையும்.
முள் ஏழில் வந்து நின்றதும் அணைத்துவிட்டுப்
பதிவேட்டில் எழுதுவேன்:
ஓடியது. நின்றது. சரி.
கீழே கையெழுத்து, ச. யாபேஸ்.

"வராத விருந்தாளிக்கு தினமும் இலை போடுறியேப்பா"
என்பான் கஜபதி, நைட் ஷிப்ட் முடித்துச் சட்டை மாற்றியபடி.
நானும் சிரிப்பேன்.
இலை போடத்தானே சம்பளம்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை.
முந்தின ராத்திரி எர்ணாவூர் முழுக்க
வீடு வீடாய்ப் போய்ப் பிறப்பின் பாட்டு,
விடியும்வரை டிரம் அடித்த கை.
ஷெட் வாசலில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர்.
ஷூவை நனைக்க மனசில்லை.
பதிவேடு இந்தப் பக்கம், உலர்ந்த மேஜைமேல்.
ஓடியது. நின்றது. சரி.
எழுதும்போது பேனா நடுங்கவே இல்லை.
பிறகு என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

வெள்ளியும் அப்படியே.
சனி, மூன்றாம் நாள், ரொம்பச் சுலபமாக இருந்தது.
மூன்றாம் நாள் என்று சொல்லும்போதே
நாக்கு கசக்கிறது.

ஞாயிறு திருவிருந்து.
ஐயர் வருகையைப் பற்றிப் பேசினார்.
நான் கேட்கவில்லை. ஃபேன் சத்தத்துக்கு அடியில்
ஓடாத ஒரு இன்ஜினின் சத்தம்.
பெஞ்சு பெஞ்சாய் எழுந்து போனார்கள்.
யூனிஸ் முக்காட்டை இழுத்துவிட்டு
முழங்கையால் இடித்தாள், "வாங்க."
முட்டி அசையவில்லை.
எங்கள் பெஞ்சில் நான் மட்டும்,
பக்கத்தில் அவளுடைய குடை.

கோயில் சட்டையோடு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.
கேட்டில் செக்யூரிட்டி,
"என்னா சார், கல்யாணமா?"
தண்ணீரில் இறங்கினேன். சாவியைத் திருப்பினேன்.
டிக்.
இன்னொரு தடவை.
டிக்.

கூரை ஒழுகி, முனைகளில் உப்புப் பூத்து,
இரண்டு பாட்டரியும் செத்திருந்தன.
எப்போது? வியாழன் விடியலிலா, நேற்றா?
பதிவேட்டைக் கேட்டால் சரி, சரி, சரி.
எட்டுத் தொட்டி நாப்தா.
மதிலுக்கு அந்தப் பக்கம்
வாசலில் காகித நட்சத்திரம் கட்டிவிட்டு
மூன்று ராத்திரி ஜனம் தூங்கியிருக்கிறது,
என் பேர்கூடத் தெரியாமல்
என் கையெழுத்தின்மேல் தலைவைத்து.

லாரி ஷெட்டில் கெஞ்சி வேறு பாட்டரி வாங்கினேன்.
வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் தேய்த்து,
வெள்ளைச் சட்டை கிரீஸாகி,
ஓடியபோது மணி மூன்றே கால்.
அழவில்லை. புகை, அவ்வளவுதான்.

பிறகு பதிவேட்டைத் திறந்து
மூன்று சரியையும் அடித்தேன்.
ஓட்டவில்லை. பொய் எழுதினேன். யாபேஸ்.
திங்கட்கிழமை மெமோ வந்தது, எட்டு நாள் சம்பளம் போயிற்று.
கிறிஸ்துமஸுக்கு யூனிஸ் பழைய புடவையைக் கட்டினாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
ராப்போஜனத்துக்கு எழுந்தபோது மட்டும்
எனக்கு முன்னால் நடக்காமல் கூடவே நடந்தாள்.
நீட்டிய உள்ளங்கையில் ரேகைக்குள் டீசல்.
ஐயர் அதன்மேல்தான் அப்பத்தை வைத்தார்.

இன்று காலை ஆறு.
ஓடியது. நின்றது.
அடுத்த சொல்லுக்கு முன்னால்
பேனா இப்போதெல்லாம் கொஞ்சம் தயங்குகிறது.

"இலை போட்டாச்சா?" என்கிறான் கஜபதி.
"கழுவிப் போட்டாச்சு."
புறாக்கள் இன்னும் கூரைக்குத் திரும்பவில்லை.